பெட்டிக்குள் தூங்குபவனுக்குக் கரண்ட் போனால் என்ன ஆகும்?

கேள்வி, பிப்ரவரி 3

கிரையானிக்ஸ், அதாவது பிற்காலத்தில் எழுப்பலாம் என்று உடலை உறையவைத்துக் காப்பது, வரும் கதை எதை எடுத்தாலும் ஒரே காட்சிதான். வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள், உள்ளே நீல வெளிச்சத்தில் தூங்கும் முகங்கள். திடீரென்று கரண்ட் போகும். பெட்டிக்குப் பெட்டி பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரியும். நாயகன் மட்டும் இருமிக்கொண்டே எழுந்து வருவான். இதெல்லாம் சும்மா பூச்சாண்டி, உண்மையான ஆபத்து விழித்த பிறகுதான், அந்த எதிர்காலம் நம்மை என்ன செய்யும் என்பதில்தான் என்பது என் கட்சி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில், பிப்ரவரி 3, இரவு 10.15

கரண்ட் போனால் ஒன்றும் ஆகாது. அந்தக் கலத்துக்குக் கரண்டே கிடையாது.

உடல்கள் இருப்பது திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில். கலம் என்பது ஆள் உயரத்தைத் தாண்டிய ஒரு தெர்மாஸ் பிளாஸ்க். உள்சுவர் ஒன்று, வெளிச்சுவர் ஒன்று, இரண்டும் எஃகு. நடுவில் வெற்றிடம், அந்த வெற்றிடத்துக்குள் அடுக்கடுக்காக மெல்லிய பளபளப்புத் தாள். மேலே தடித்த நுரை மூடி. குளிரூட்டும் இயந்திரம் எதுவும் இல்லை. நைட்ரஜன் தானாகக் கொதித்து ஆவியாகிறது, அந்தக் கொதிப்பே உள்ளே கசியும் வெப்பத்தை வெளியே கொண்டுபோய்விடுகிறது. நான்கு முழு உடல்கள் நிற்கும் பெரிய கலம் ஒரு நாளில் இழப்பது பத்துப் பன்னிரண்டு லிட்டர் சுமாருக்கு. அவ்வப்போது ஊற்றி நிரப்பினால் போதும். கரண்ட் போனால் மட்டக் காட்டியும் அலாரமும் நிற்கும், அவ்வளவுதான். உடல்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

இன்னொன்று. உடல்களைத் தலைகீழாக நிறுத்துவார்கள். நிரப்ப ஆள் வராமல் போய் மட்டம் இறங்கினால் முதலில் வெளியே தெரிவது கால், கடைசியில்தான் தலை. நீல வெளிச்சத்தில் அழகாகத் தூங்கும் முகத்தைத் தேடிப் போகிறவருக்குக் கிடைப்பது பாதம்.

பிப்ரவரி 3, இரவு 10.40

கண்ணாடி ஜன்னலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் வைத்தால் அதுவே வெப்பம் நுழையும் ஓட்டை. வைத்தாலும் வெளியே பனி படிந்து அரை மணியில் எதுவும் தெரியாது. நிஜக் கலத்தில் வெளிச்சுவர் அறையின் சூட்டில்தான் இருக்கும், கை வைக்கலாம். அது வேர்த்து, பனி பூத்தால் வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம். அப்போதுதான் ஓட வேண்டும்.

திறந்ததும் வெண்புகை மேலே எழும்புமே, அதுவும் தப்பு. நைட்ரஜனுக்கு நிறமில்லை. தெரிகிற வெள்ளை, காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து துளியானது. குளிர்ந்த வாயு காற்றைவிடக் கனம், அதனால் அது விளிம்பைத் தாண்டி வழிந்து தரையில் படரும், முழங்காலுக்கு மேல் ஏறாது.

பிப்ரவரி 4, காலை

ராத்திரி எழுதியதில் ஒரு திருத்தம். கதைகள் மூன்று வேறு விஷயங்களை ஒரே பெட்டியில் போட்டு மூடுகின்றன. அதைப் பிரிக்காமல் பேசியது என் தவறு.

ஒன்று, உறக்கநிலை. கரடி மாதிரி. இதயம் மெதுவாக ஓடும், மூச்சு உண்டு, கழிவு உண்டு. இவருக்கு இயந்திரம் வேண்டும், கரண்ட் வேண்டும். 1968இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தில் கப்பலின் கணினி, தூங்கும் மூன்று விஞ்ஞானிகளின் உயிர்காப்புக் கருவிகளை நிறுத்திக் கொல்கிறதே, அது சரி. அவர்கள் உயிரோடு இருந்தவர்கள்.

இரண்டு, உறையும் தவளை வகை. வட அமெரிக்காவில் ஒரு தவளை குளிர்காலத்தில் உடல் நீரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பனியாக, இதயம் நின்று கிடக்கும், வசந்தத்தில் தாவிப் போகும். ஈரலிலிருந்து குளுக்கோஸைக் கொட்டித் தன் செல்களைக் காத்துக்கொள்கிறது. ஆனால் அது தாங்குவது பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே உள்ள குளிரைத்தான். மைனஸ் 196இல் போட்டால் தவளையும் கல்தான்.

மூன்றாவதுதான் கிரையானிக்ஸ். சட்டப்படி இறந்த பிறகே ஆரம்பிக்கும். உயிரோடு இருப்பவரை உறையவைத்தால் அது கொலை. ஆகவே “நாளைக்குப் பெட்டிக்குள் போகிறேன், போய்வருகிறேன்” என்று மகளை அணைத்து விடைபெறும் காட்சிக்கு நிஜத்தில் இடமில்லை.

பிப்ரவரி 4, மாலை

கேள்வி கேட்டவர் “ஆபத்து விழித்த பிறகு” என்கிறார். நான் அதை ஒப்பவில்லை. விழிப்புக்கு முன்னால் இரண்டு இடங்கள் இருக்கின்றன. கதைகள் இரண்டையும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகத் தாண்டிப் போகின்றன. முதல் இடம், இறந்த முதல் சில மணி நேரம்.

இதயம் நிற்கிறது, மருத்துவர் மரணம் என்று எழுதுகிறார். அந்த நொடியில் பக்கத்து அறையில் ஒரு குழு காத்திருந்தால் நடப்பது இது. உடலைத் தொட்டியில் கிடத்திப் பனிக்கட்டியும் தண்ணீரும் கொட்டுவார்கள். வெறும் பனிக்கட்டி போதாது, தண்ணீர் தோலின் மேல் ஓடிக்கொண்டே இருந்தால்தான் சூடு இறங்கும், அதற்கு ஒரு சின்னப் பம்ப். மார்பை அமுக்க இயந்திரம். இது உயிர்ப்பிக்க அல்ல, மருந்தைச் சுற்ற வைக்க, மூளைக்கு ரத்தம் போக. இரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின். புரோபோஃபோல் என்ற மயக்க மருந்து எதற்கென்றால், மார்பை அமுக்குவதில் நினைவு கொஞ்சம் திரும்பிவிடக் கூடாது என்பதற்கு. இதை முதல்முறை கேட்பவர்கள் சற்று நேரம் பேசமாட்டார்கள். எந்தத் திகில் கதையும் இந்த ஒரு ஊசியைத் தொட்டதாகத் தெரியவில்லை.

சூடு பத்து டிகிரி இறங்கினால் உடலின் வேதிவினை ஏறக்குறையப் பாதியாகும். 37இலிருந்து 17க்குக் கொண்டுவந்தால் மூளைக்குக் கால் பங்கு தேவைதான். அதனால்தான் அவ்வளவு அவசரம். பிறகு ரத்தத்தை வெளியேற்றி உறுப்புமாற்றத்துக்குப் பயன்படும் வகைக் கரைசலைச் செலுத்துவார்கள்.

என்ன தப்பும்? தூக்கத்தில் இறந்து காலையில்தான் பார்த்தார்கள். விபத்து, பிரேதப் பரிசோதனை. குடும்பத்தில் ஒருவர் மறுத்துக் கையெழுத்துப் போடவில்லை. எல்லாம் சரியாக இருந்தும், நேரம் கடந்துவிட்டால் மூளையின் நுண்குழாய்கள் அடைத்துக்கொள்ளும், பிறகு எந்தத் திரவமும் உள்ளே போகாது. நாயகன் நூறு வருடம் கழித்து இருமிக்கொண்டு எழுவதெல்லாம் அந்த முதல் அரை நாளில் முடிவாகிவிடுகிறது.

பிப்ரவரி 5

“செல்லுக்குள் நீர் உறைந்து, பாட்டில் வெடிப்பதுபோல் வெடிக்கும்” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கதைகளிலும் அறிவியல் கட்டுரைகளிலும் இதையே எழுதுகிறார்கள். மெதுவாகக் குளிர்ந்தால் நடப்பது நேர்மாறு. பனி முதலில் செல்லுக்கு வெளியே உருவாகிறது. பனிக்குள் உப்பு சேராது, மிச்சமிருக்கும் நீரில் உப்பு செறிந்துகொண்டே போகும். அந்தச் செறிவு செல்லின் நீரை வெளியே உறிஞ்சும். செல் வெடிக்காது, வற்றல் போலச் சுருங்கும். வேகமாகக் குளிர்ந்தால்தான் உள்ளே பனி. மெதுவானால் உப்பு, வேகமானால் பனி. இந்த இடுக்கில்தான் இந்தத் துறையே பல காலம் மாட்டிக்கொண்டிருந்தது.

வழி, பனிப்படிகமே வராமல் நீரைக் கண்ணாடிபோல இறுகவைப்பது, அதாவது கண்ணாடியாக்குவது. 1985இல் ரால், ஃபே என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் எலிக் கருக்களில் செய்துகாட்டினார்கள். உடம்புக்கு, அமெரிக்கக் கிரையானிக்ஸ் நிறுவனமான ஆல்கோர் 2005 முதல் எம்-22 என்ற கலவையைப் பயன்படுத்துகிறது. டி.எம்.எஸ்.ஓ., ஃபார்மமைட், எத்திலீன் கிளைக்கால் எல்லாம் சேர்ந்தது. பார்த்தீர்களா, கடைசிப் பெயர் கார் ரேடியேட்டரில் ஊற்றும் அதே சங்கதி. செறிவைச் சில மணி நேரத்தில் படிப்படியாக ஏற்றுவார்கள், ஒரேயடியாக ஏற்றினால் நஞ்சு, செல்லின் நீர் சட்டென்று வெளியேறும் சவ்வூடு அதிர்ச்சி இரண்டும் சேரும். மண்டையோட்டில் இரண்டு சின்னத் துளைகள் போட்டு மூளையைப் பார்த்துக்கொண்டே செய்வார்கள். அது சுருங்கினால் நல்ல சேதி, கலவை ரத்தக்குழாயில் ஓடுகிறது, நீர் வெளியேறுகிறது. வீங்கினால் கெட்ட சேதி.

அப்புறம் நைட்ரஜன் வாயுவால் மைனஸ் 110 வரை சில மணி நேரத்தில். சுமார் மைனஸ் 123இல் கண்ணாடி ஆகும். அங்கிருந்து 196 வரை நாள்கணக்கில், மெதுவாக. மேல்பகுதி முந்திச் சுருங்கி உள்பகுதி பின்தங்கினால், சூடான டம்ளரில் குளிர்ந்த நீர் ஊற்றினால் என்ன ஆகும்? அதேதான். எவ்வளவு மெதுவாகப் போனாலும் கொஞ்சம் விரிசல் விழுகிறது. விழும்போது சத்தம் கேட்க மண்டையில் ஒலியுணரி வைத்துப் பதிவுசெய்கிறார்கள். மூளையில் விரிசல் விழும் ‘டிக்’ ஒலிக்குக் காது கொடுத்து ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இதையும் கதையில் யாரும் எழுதவில்லை!

பிப்ரவரி 5, பிற்சேர்க்கை

மேலே “யாரும் எழுதவில்லை” என்று இரண்டு இடத்தில் எழுதிவிட்டேன். எல்லாக் கதையையும் வாசித்தவன் மாதிரி. “கண்ணில் படவில்லை” என்று திருத்திப் படிக்கவும்.

பிப்ரவரி 6

எழுப்புவது. படத்தில் பொத்தானை அமுக்கினால் ஆறு நொடி. நிஜத்தில் உறையவைப்பதைவிட உருக்குவதுதான் கடினம். காரணம் அழகானது, பொறுமையாகப் படியுங்கள்.

பனிப்படிகம் உருவாக இரண்டு வேலை நடக்க வேண்டும். முதலில் விதை விழ வேண்டும், பிறகு விதை வளர வேண்டும். விதை விழத் தோதான குளிர் ஆழத்தில் இருக்கிறது, கண்ணாடிநிலைக்கு அருகே. வளரத் தோதான குளிர் மேலே. கீழே இறங்கும்போது முதலில் வளரும் மண்டலத்தைத் தாண்டுகிறோம், அங்கே வளர விதை இல்லை. அடுத்து விதை மண்டலம், அங்கே விதை விழுகிறது, ஆனால் வளர முடியாது. இறங்கியாயிற்று, சுகம். திரும்பி ஏறும்போது? விதைகள் ஏற்கெனவே தயார், நேரே வளரும் மண்டலத்துக்குள் நுழைகிறோம். அதனால் இறங்கியதைவிடப் பல மடங்கு வேகமாக ஏற வேண்டும். வி.எஸ்.55 என்ற கலவைக்கு இறங்க நிமிடத்துக்கு 2.5 டிகிரி போதும், ஏறச் சுமார் 50 வேண்டும். வெளியிலிருந்து சூடேற்றினால் விளிம்பு உருகி நடு உறைந்திருக்கும், மறுபடி விரிசல்.

அதற்குத்தான் இரும்பு ஆக்சைடு நுண்துகள்களைக் குழாய்கள் வழியே நிரப்பி, ரேடியோ அலைச் சுருளுக்குள் வைத்து உள்ளிருந்தே சூடேற்றுகிறார்கள். 2023இல் மின்னசோட்டா பல்கலைக்கழகக் குழு எலிச் சிறுநீரகங்களை 100 நாள் வரை வைத்திருந்து, இப்படிச் சூடாக்கி, எலிகளுக்கே பொருத்தியது. வேலை செய்தன. அதற்கு முன் 2009இல் ஃபேயின் குழு வெளியிட்டது, முயல் சிறுநீரகம் ஒன்று, அந்த முயல் 48 நாள் அதை வைத்தே வாழ்ந்தது. சிறுநீரகத்திலிருந்து மூளைக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால், எலியின் சிறுநீரகம் ஒரு மொச்சைக்கொட்டை அளவு. மனித மூளை 1,400 கிராம் சொச்சம்.

நினைவு தங்குமா என்று அடுத்த கேள்வி வரும். 2015இல் ஒரு வகை உருளைப்புழுவுக்கு வாசனையைப் பழக்கி, கண்ணாடியாக்கி, எழுப்பிப் பார்த்தார்கள், நினைவிருந்தது. அதன் நரம்புச் செல்கள் 302. அதற்கு மேல் நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

பிப்ரவரி 8

விண்கலத்தில் ஆயிரம் வருடத் தூக்கம் பற்றி. குளிரில் வேதிவினை நிற்கும், கதிரியக்கம் நிற்காது. உலகச் சராசரி இயற்கைக் கதிர்வீச்சு ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் (சீவர்ட் என்பது கதிர்வீச்சு உடலுக்குச் செய்யும் பாதிப்பை அளக்கும் அலகு). உயிரோடு இருப்பவரின் செல்கள் அன்றன்றைக்குப் பழுது பார்த்துவிடும். உறைந்தவருக்குப் பழுதுபார்ப்பு கிடையாது, எல்லாம் கணக்கில் ஏறும். ஆயிரம் வருடத்தில் 2.4 சீவர்ட். மூன்று நான்கு நூற்றாண்டு தாண்டினாலே கதை யோசிக்க வேண்டும்.

பிப்ரவரி 9

நேற்றைய கணக்கு தப்பு. அந்த 2.4இல் பாதிக்கு மேல், சுமார் 1.26, ரேடான் வாயுவை மூச்சில் இழுப்பதால் வருவது. நைட்ரஜனுக்குள் தலைகீழாக நிற்பவர் எங்கே மூச்சு விடுகிறார்? கழித்தால் ஆயிரம் வருடத்துக்கு 1.1 சீவர்ட் சொச்சம். ஒரே நேரத்தில் வாங்கினால் பாதிப்பேர் இறக்கும் அளவு 4 முதல் 5. ஆகப் பூமியில் சில ஆயிரம் வருடம் தாங்கும். “மூன்று நான்கு நூற்றாண்டு” என்றதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

விண்வெளி வேறு. செவ்வாய்க்குப் போன கியூரியாசிட்டி ஊர்தி வழியில் அளந்தது நாளுக்குச் சுமார் 1.8 மில்லிசீவர்ட். பத்து வருடத்தில் 6.6 சீவர்ட். நூறு வருடப் பயணம் என்றால் 66. கப்பலைச் சுற்றி மீட்டர்கணக்கில் தண்ணீரோ பனியோ இல்லாவிட்டால், விழிப்பவர் விழித்த வாரமே சாவார். நட்சத்திரப் பயணக் கதை எழுதுபவர்கள் கரண்டை விட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கலாம்.

பிப்ரவரி 10

கதைகள் தாண்டிப் போகும் இரண்டாவது இடம், நடுவில் உள்ள அலுப்பான நூறு வருடம். யானையைக் கட்டித் தீனி போடும் வேலை.

கலிஃபோர்னியாவில் சாட்ஸ்வர்த் என்ற இடம். 1970களில் அங்கே ஒரு கல்லறை நிலவறையில் உடல்களை வைத்திருந்தார்கள். உறவினர்கள் பணம் கட்டுவதை ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கலங்களின் வெற்றிடத்தைக் காத்த பம்புகள் பழுதாயின, நைட்ரஜன் வாங்கக் காசில்லை. ஒன்பது உடல்கள் உருகிப்போயின, வெளியே தெரிந்தது 1979இல். எந்திரம் சதி செய்யவில்லை, பூகம்பம் வரவில்லை. பில் கட்டவில்லை.

அதே காலத்தவர் ஜேம்ஸ் பெட்ஃபோர்டு, 1967 ஜனவரி 12 அன்று உறையவைக்கப்பட்ட முதல் மனிதர். அவரைக் குடும்பமே தன் செலவில் இடம் இடமாக மாற்றிக் காத்தது. 1982இல் ஆல்கோரிடம் ஒப்படைத்தது. 1991இல் பழைய கலத்தை அறுத்துப் புதியதற்கு மாற்றியபோது, 1967இல் கூட வைத்த பனிக்கட்டிகள் உருகாமல் அப்படியே இருந்தன. 1974க்கு முன் உறையவைக்கப்பட்டவர்களில் இன்றும் மிச்சமிருப்பவர் இவர் ஒருவர்தான்.

இப்போது முன்பணம். முழு உடலுக்கு ஆல்கோரில் 2 லட்சம் டாலருக்கு மேல், அதில் பெரும்பங்கு தனி அறக்கட்டளைக்குப் போய், வட்டியில் நைட்ரஜன் வாங்கப்படும். மிச்சிகனில் உள்ள கிரையானிக்ஸ் இன்ஸ்டிட்யூட்டில் 28,000. பெரும்பாலோர் ஆயுள் காப்பீட்டில் கட்டுகிறார்கள்.

பிப்ரவரி 10, இரவு

காசு என்றதும் நினைவு வந்தது. குர்ஆனின் குகைவாசிகள் 309 வருடம் தூங்கி எழுந்து, உணவு வாங்கிவர ஒருவரை வெள்ளிக் காசோடு அனுப்புகிறார்கள். பழைய காசுதான் ஆளைக் காட்டிக்கொடுத்தது என்று விரித்துச் சொல்வார்கள். எச்.ஜி. வெல்ஸ் 1899இல் அதைத் திருப்பிப் போட்டார். அவர் நாயகன் 203 வருடம் தூங்குகிறான், எழுந்தால் வட்டி குட்டி போட்டுப் பாதி உலகமே அவன் சொத்து. அதை அவன் பெயரில் ஆண்டுகொண்டிருக்கும் அறங்காவலர்களுக்கு அவன் விழித்ததில் துளியும் மகிழ்ச்சியில்லை. கிரையானிக்ஸ் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் எழுதியது! உங்களை எழுப்பினால் யாருக்கு நஷ்டம் என்ற கேள்வியை இதைவிட நேராகக் கேட்ட கதை குறைவு.

பிப்ரவரி 12

கேள்வி கேட்டவர் விடவில்லை. “எழுப்பி அடிமையாக்கினால்?” என்று மறுபடி.

சரி, யோசித்துப் பார்த்தேன். உடலோடு எழுப்புவது அநியாயச் செலவு. ஒரு அடிமைக்காக அவ்வளவு செலவு செய்யும் கொடுங்கோலன் கணக்கில் மட்டமானவன். ஆனால் மூளையை ஸ்கேன் செய்து கணினியில் ஓட்டுவது வேறு விஷயம். ஒரு பிரதி எடுத்தால் ஆயிரம் எடுக்கலாம், நிறுத்தலாம், முதலிலிருந்து ஓட்டலாம். கலத்தைத் திருட கிரேன் வேண்டும், கணினிக் கோப்பைத் திருட ஒன்றும் வேண்டாம். இந்தப் பயத்தை நான் முதலில் அலட்சியமாகத்தான் பேசினேன். பாதி உங்கள் பக்கம் வருகிறேன்.

பாதிதான். ஏனென்றால் அந்த ஆபத்தின் கதவும் முதல் நாளில்தான் திறக்கிறது. ஆல்டிஹைடு என்ற ரசாயனம் கொண்டு மூளையை நிலைநிறுத்தி, பிறகு உறையவைக்கும் முறை ஒன்றுண்டு. அதில் நரம்பிணைப்புகள் அற்புதமாகத் தங்கும், முயல் மூளைக்கு 2016லும் பன்றி மூளைக்கு 2018லும் பரிசு வாங்கியது. ஆனால் ஆல்டிஹைடு புரதங்களைப் பின்னிப் பூட்டிவிடும், அந்த மூளையை மறுபடி ஓடவைக்க இன்று வழியில்லை. ஸ்கேன் செய்வதற்குத்தான் ஏற்றது. எந்த ரசாயனம் என்று கையெழுத்துப் போடும்போதே எந்த எதிர்காலத்துக்குக் கதவைத் திறக்கிறோம் என்பதிலும் கையெழுத்துப் போடுகிறோம்.

சட்டத்தில் அவர் யார்? பிணம். அமெரிக்காவில் உடல்தானச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட உடல். எழுந்தால் குடியுரிமை, சொத்து, பெயர் எதுவும் தானாக வராது. கோப்பாக எழுந்தால் அதுவும் கிடையாது.

வரிசையையும் கதைகள் மாற்றிவைக்கின்றன. முதலில் போனவர் முதலில் எழுவதில்லை. கடைசியில், நல்ல முறையில் போனவரே முதலில். பெட்ஃபோர்டு வரிசையின் வாலில்.

பிப்ரவரி 13

புராணத்தில், நெடுந்தூக்கத்தில் இருந்த முசுகுந்தனை எழுப்பியவன் சாம்பலானான் என்று ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். உண்மைதான், எழுப்புகிறவனுக்கு ஆபத்து என்ற கோணம் அபூர்வம். திரவ நைட்ரஜன் ஒரு லிட்டர் ஆவியானால் 700 லிட்டர் வாயு. மூடிய அறையில் கலம் கசிந்தால் எழுப்ப வந்தவர்தான் முதலில் விழுவார். மூச்சுத் திணறல்கூடத் தெரியாது, உடல் எச்சரிப்பது கரியமில வாயுவுக்கு, நைட்ரஜனுக்கு அல்ல. அறையில் ஆக்சிஜன் அளவி இல்லாவிட்டால் உள்ளே போகாதீர்கள்.

பிப்ரவரி 15

கேள்வி கேட்டவர் தானும் ஒரு கதை எழுதுவதாக இன்றுதான் சொல்கிறார். முதல் நாளே சொல்லியிருக்கலாம்! விபத்து எப்படித் தொடங்கும் என்கிறார்.

2018 மார்ச் 4 வார இறுதியில் அமெரிக்காவில் இரண்டு கருத்தரிப்பு மையங்களில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், கருக்கள் வைத்திருந்த கலங்கள் பழுதாயின. ஒன்றில் மட்டும் 4,000க்கு மேல் முட்டைகளும் கருக்களும் போயின. அங்கே தானாக நிரப்பும் அமைப்பு சரியில்லை, தொலைவிலிருந்து எச்சரிக்கும் அலாரம் அணைந்திருந்தது. கதைக்கு வேண்டிய எல்லாம் இதில் இருக்கிறது.

கருவி பொய் சொல்லும் என்பதால் கையாலும் அளப்பார்கள். நீண்ட குச்சி ஒன்றைக் கலத்தின் அடிவரை விட்டு, சில நொடி பிடித்து, வெளியே எடுத்துக் காற்றில் ஒரு வீசு வீசுவார்கள். திரவத்தில் நனைந்த உயரம் வரை வெண்பனி பூக்கும். அதற்கு மேல் குச்சி வெறும் குச்சி. பனிக்கோட்டை அளவுகோலில் வைத்துப் பார்த்து நோட்டில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து.

உங்கள் முதல் காட்சி அந்த நோட்டு. ஐந்து வாரம் ஒரே எண், ஒரே மையில், ஒரே சாய்வில் எழுதியிருக்கிறது. ஆறாவது வாரம் புதிதாக வந்தவர் குச்சியை விடுகிறார், எடுத்து வீசுகிறார். பனி, நோட்டில் உள்ள எண்ணுக்கு ஒரு முழம் கீழே நிற்கிறது.